தேனுக்குள் நான் போட்டது

தேன் கேட்ட மகளுக்கு, தேன் அனுப்பாத சித்தப்பா எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தபோது நான் பட்டறையில் ஒரு இஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கையெல்லாம் எண்ணெய், அதனால்தான் சரியாகக் கதைக்க ஏலவில்லை என்று பிறகு உனக்குச் சொன்னேன். எண்ணெய் இருந்தது உண்மை. கதைக்க ஏலாமல் போனது அதனால் இல்லை. நீ கேட்டது இதுதான்: "சித்தப்பா, என்ர கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருக்கு. வாயில மேல்சொண்டு திரும்ப வீங்கிட்டுது. வியாழக்கிழமை இங்க புது டொக்டர் சொண்டில ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்துச் சோதிக்கப்போறா. அவவின்ர மருந்து எப்ப கேக்குமோ தெரியாது. உங்கட தேன் ஒரு போத்தல் கொழும்பு பஸ்ஸில குடுத்து விடுங்கோவன். அது ஒண்டுதான் எனக்குக் கேட்ட மருந்து. டொக்டரிட்டயும் அப்பிடித்தான் சொன்னனான்." பிறகு சிரித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாய்: "தேனுக்குள்ள என்னென்ன சேர்க்கிறது, முதல்முதல் எப்ப வீங்கினது எல்லாம் எழுதித் தரட்டாம். கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கோ சித்தப்பா. உங்கட கதை மாதிரி இல்லாம."

கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உன்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊருக்குச் சொன்னது பத்தாம் வகுப்பு. நாற்பது குதிரைவலு இஞ்சினை ஒற்றைத் தோளில் வைத்து இறங்குதுறையிலிருந்து பட்டறை வரை நடந்து வந்தேன் என்று உன் சின்ன வயதில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அது பதினைந்து குதிரைவலு. இரண்டு பேர் தூக்கினோம். பாரமான பக்கத்தை மற்றவன் பிடித்தான். என்ன நடந்தது என்பதைவிட எப்படி நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதுதான் என் வாயில் முதலில் வரும். இந்தக் கடிதத்திலும் வரும். வருகிற இடத்தில் வெட்டிக்கொண்டு போகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமும் இல்லை. டொக்டர் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. மருமகனுக்கு வாசித்துக் காட்டு. கலியாணத்துக்கு வருகிற சனம் முழுக்க வாசித்தாலும் எனக்குச் சம்மதம், ஏனென்றால் அந்தச் சனம் முழுக்கவும் என் கைமருந்தைப் பற்றி என் வாயால் கேட்டிருக்கிறது. உன் அம்மாவுக்கு நேற்றே சொல்லிவிட்டேன். அதைப் பின்னால் எழுதுகிறேன்.

முதலில் வீங்கின நாள். உனக்கு அப்போது இருபது வயது. அண்ணா, அதுதான் உன் அப்பா, போய்ப் பதினான்கு வருடம். உன்னை என் பிள்ளை என்று நான் சொல்லத் தொடங்கியும் பதினான்கு வருடம். கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாய். ஒருநாள் காலையில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குசினிக்குள் வந்து நின்றாய். கையை எடுத்தபோது மேல்சொண்டின் வலப்பக்கம் அப்பத்தின் நடுப்பக்கம் மாதிரி உப்பியிருந்தது. நோகுதா என்று அம்மா கேட்டார். நோகவில்லை. சொறியவேணும் மாதிரிக் கடிக்குதா? இல்லை. காய்ச்சலும் இல்லை. டொக்டர் அம்மா குறித்துக்கொள்ளட்டும்: நோவில்லை, கடியில்லை, நித்திரையால் எழும்பும்போதே வீங்கியிருந்தது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் படலையில் நின்று விசாரித்த முன்வீட்டு அக்காவிடம் நான் "குளவி குத்திப்போட்டுது" என்றேன். குமர்ப்பிள்ளையின் முகத்தில் காரணம் தெரியாத வீக்கம் என்றால் சனம் தானாக ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கும். அதற்கு முன் நான் ஒன்றைக் கொடுத்துவிட்டேன். பின்னேரத்துக்குள் குளவி பெருவிரல் அளவு வந்துவிட்டது. அடுத்த நாள் அது மூன்று குளவி. கூட்டைக் காட்டுங்கள் என்று யாரோ கேட்டபோது, முகட்டில் எத்தனையோ வருடமாகக் காய்ந்துபோயிருந்த வெறுங்கூட்டை எரிக்கப் பந்தம் கட்டிக்கொண்டு ஏறினேன். நீ கீழே நின்று சொண்டைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நீ சிரித்தபடியால் நான் செய்தது சரி என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் வீக்கம் வற்றியது. இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்து நான்கு நாள் நின்றது. அடுத்தது ஒரு மாதத்தில் வந்து ஒரு கிழமை நின்றது. ஒவ்வொரு தரமும் போகும்போது கொஞ்சத்தை மிச்சம் விட்டுவிட்டுப் போனது. கடைசியில் போவதே இல்லை என்று ஆகிவிட்டது. தொட்டால் றப்பர் மாதிரி இருந்தது. கடைவாய் வெடித்தது. குளவியை இனிச் சொல்ல ஏலாது என்பதால் நண்டு சாப்பிட்டது ஒத்துவரவில்லை என்று சொல்லத் தொடங்கினேன். நண்டு என்று சொல்லிச் சொல்லி அதை நானே நம்பியும் விட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அந்த நண்டோடுதான் போனேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு குமர்ப்பிள்ளை டொக்டரிடம் போனால் கூடப்போன ஆம்பிளைதான் கதைப்பது. நம்பர்த் துண்டு வாங்குகிற மேசையிலிருந்து மருந்து வாங்குகிற யன்னல் வரை அவர்தான் வாய். பிள்ளை பக்கத்துக் கதிரையில் இருக்கும். அதை ஒருவரும் பிழையாகப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை. அந்த இளம் டொக்டர் உன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார், "எவ்வளவு நாளா இப்பிடி இருக்கு?"

"முந்தநாள் தொடங்கினது டொக்டர். நண்டு சாப்பிட்டவ," என்றேன் நான்.

"நான் பிள்ளையிட்டக் கேட்டனான்."

"பிள்ளை வெக்கப்படும். நான் தகப்பன் மாதிரி. என்னட்டக் கேளுங்கோ."

ஏழு மாதமாக வந்து வந்து போகிற வீக்கத்தை நான் முந்தநாள் ஆக்கினேன். ஏனென்றால் ஏழு மாதம் வீட்டில் வைத்திருந்தோம் என்று சொல்ல எனக்கு வெட்கம். முந்தநாள், நண்டு என்று கேட்டால் எந்த டொக்டரும் என்ன எழுதுவார்? ஒவ்வாமை என்று எழுதினார். அதற்குரிய குளிசையைத் தந்தார். நீ எட்டு மாதம் நண்டு, இறால், கணவாய், முட்டை, கத்தரிக்காய் ஒன்றும் தொடவில்லை. வாசலில் கடல் இருக்க, பருப்பும் சோறும் சாப்பிட்டாய். நான் உனக்கு முன்னால் இருந்து நண்டுக்கால் உடைத்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

குளிசை கேட்கவில்லை என்றபடியால் தோல் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெரிய டொக்டர் அவசரப்படாத மனிதர். இரண்டு விரலால் சொண்டைப் பிடித்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லி அதில் ஓடுகிற கோடுகளைப் பார்த்தார். கண்ணை இறுக்கி மூடு, கன்னத்தை ஊது என்றார். நீ ஊத, வீங்கின பக்கத்தால் காற்றுப் போனது, உனக்குக் கண் கலங்கியது. "இது ஒவ்வாமை மாதிரித் தெரியேல்ல," என்றார். "அபூர்வமா வாற ஒரு அழற்சி இருக்கு. சொண்டுக்குள்ள சின்னச் சின்ன முடிச்சு மாதிரிச் சேரும். துண்டு எடுத்துப் பாத்தாத்தான் சொல்லலாம். சில பேருக்குக் குடலுக்குள்ளயும் இதே மாதிரி இருக்கும். அதுதான் கேக்கிறன் பிள்ளை, வயித்துநோ, வயித்தோட்டம், வாய்க்குள்ள புண், இப்பிடி ஏதும் இருக்கா?"

நீ வாயைத் திறந்தாய். நான் பார்த்தேன், நீ திறந்தாய். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் வயிறு இரும்பு டொக்டர். கல்லைத் திண்டாலும் செரிக்கும்." டொக்டர் சிரித்துவிட்டு எழுதினார். நீ வாயை மூடிக்கொண்டு செருப்பைப் பார்த்தாய். உனக்கு வயிற்றுநோ இருந்ததா இல்லையா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு, உன் உடம்புக்குள் இருக்கிற ஒன்றுக்கு, நான் பதில் சொன்னேன். அம்மாவை நேற்றுக் கேட்டேன். "மாசத்தில பாதி நாள் நோகுதெண்டு என்னட்டச் சொல்லுவாள், உங்களுக்கு முன்னால எப்பிடித் தம்பி சொல்லுறது?" என்றார். இந்த ஒரு வரியை டொக்டர் அம்மாவிடம் நீயே, உன் வாயால் சொல்லு.

இனித் தேன். துண்டு எடுப்பதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. இடையில் நிலாவெளியில் உன் மச்சாளின் கலியாணம். நீ வரமாட்டேன் என்று முகமூடியைப் போட்டுக்கொண்டு அறைக்குள் இருந்துவிட்டாய். "எல்லாரும் சொண்டைத்தான் பாப்பினம் சித்தப்பா. நான் என்ன சொல்லுறது, திரும்பவும் குளவியா?" என்றாய். அது எனக்கு உறைத்தது. எனக்குத் தெரிந்த ஒரு பாமசிக்காரரிடம் போனேன். கடைப்பெயரும் ஆள்பெயரும் வேண்டாம், பிழை அவருடையது இல்லை. "எந்த வீக்கம் எண்டாலும் இது கேக்கும் அண்ணே," என்று சின்ன வெள்ளைக் குளிசை எடுத்துத் தந்தார். "ஆனா டொக்டரைக் கேக்காமக் குடுக்கிறது சரியில்லை. கலியாணத்துக்காக அஞ்சு நாள். அதுக்கு மேல குடுத்துப் போடாதேங்கோ." நான் தலையாட்டினேன். அதை உன்னிடம் குளிசையாகவே தந்திருக்கலாம். ஒரு டொக்டரும் செய்ய முடியாததை ஒரு பாமசிக் குளிசை செய்தது என்றால் அதில் எனக்கு என்ன பெருமை? பட்டறையில் கடதாசிக்குள் வைத்து இடித்துத் தூளாக்கினேன். தேனும் மஞ்சளும் கருஞ்சீரகமும் சேர்த்துக் குழைத்தேன். முப்பது வருடத்துக்கு முன் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பற் சமையல்காரன், அவன் உயிரை நான் காப்பாற்றியதற்காகக் காதுக்குள் சொல்லித்தந்த மருந்து என்றேன். அப்படி ஒரு சமையல்காரன் இல்லை. நான் ஒருவரின் உயிரையும் காப்பாற்றவில்லை.

மூன்றாம் நாள் உன் சொண்டு சொண்டாக இருந்தது. நிலாவெளிக்கு வந்தாய். மச்சாளுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் முகமூடி இல்லாமல் சிரிக்கிறாய். திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் என் கையைப் பிடித்து, "உங்கட கைராசி சித்தப்பா," என்றாய். என் வாழ்க்கையில் நான் அளந்த அத்தனை கதைக்கும் ஊர் சிரித்திருக்கிறது, கைதட்டியிருக்கிறது. ஒருவரும் அப்படிக் கையைப் பிடித்ததில்லை. அந்த ஐந்து நாள் முடிந்து சொண்டு திரும்ப வீங்கத் தொடங்கியதும் பாமசிக்குப் போனேன். அவர் தரமாட்டார் என்று தெரிந்து வேறொரு கடைக்குப் போனேன். பிறகு கிண்ணியாவில் ஒரு கடை. ஐந்து நாள் ஐந்து மாதமானது. எல்லாமாக ஒரு வருடமும் நான்கு மாதமும் தந்தேன். குளிசையின் பெயர் பிரெட்னிசொலோன், ஐந்து மில்லிகிராம். ஒரு நாளைக்கு நான்கு போகிற மாதிரிக் கணக்காக இடித்தேன், காலையில் இரண்டு, பின்னேரம் இரண்டு. சில நாள் வீக்கம் கூடினால் ஆறு. இந்த இடத்தில் நான் ஒன்றும் குறைக்கவில்லை.

உன் முகம் உருண்டு வந்தது. கன்னம் இரண்டும் ஊதி, கழுத்துக்குப் பின்னால் சதை வைத்து, நீ கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "வகுப்பில என்னை மாவுருண்டை எண்டு கூப்பிடுகினம்," என்றாய். நான் முன்வீட்டு அக்காவிடம், "என்ர மருந்தில பிள்ளைக்கு உடம்பும் பிடிச்சிட்டுது," என்றேன். கிண்ணியாவிலிருந்து முழங்கால் வீங்கின ஒரு உம்மா என் மருந்தைத் தேடிப் பட்டறைக்கே வந்தா. பயத்தில் குளிசை போடாமல் வெறும் தேனையும் மஞ்சளையும் கொடுத்தேன். ஒரு கிழமையில் முழங்கால் சுகம் என்று பால்மாப் பெட்டியோடு வந்தா. அதற்குப் பிறகு என்னை யார் பிடிப்பது?

இதற்கிடையில், தேன் தொடங்கின இரண்டாம் மாதமே, துண்டு எடுக்கிற நாளும் வந்தது. முதல்நாள்கூட நீ தேன் குடித்தாய். பெரிய டொக்டர் வெட்டுவதற்கு முன் என்னைத்தான் கேட்டார், வாயாக இருந்தவன் நான்தானே. "வேற மருந்து ஏதும் பாவிக்கிறவவா?"

"ஒரு மருந்தும் இல்லை டொக்டர். சும்மா தேன்."

அவர் குறித்துக்கொண்டார். சொண்டின் உட்பக்கத்தில் வெட்டி, இரண்டு தையல் போட்டார். உனக்கு இரத்தம் வந்தது, நான் பஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிவு வந்தபோது அதில் தெளிவாக ஒன்றும் இல்லை. அவர் எதிர்பார்த்த முடிச்சுகள் இல்லை. "வீக்கமும் குறைஞ்சு போச்சு. கொஞ்ச நாள் பாப்பம்," என்றார். அவர் தேடினதை நான் முதலே தேனில் கரைத்துவிட்டேன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இதை மட்டும் நம்பு. அன்று விளங்கவில்லை.

ஆனால் பிறகு விளங்கியது. நீ கொழும்பில் வேலை கிடைத்துப் போனாய். சொண்டு வற்றியிருந்தபடியால் தேன் நின்றது. இரண்டாம் கிழமை போர்டிங்கில் எழும்ப ஏலாமல் மயங்கி விழுந்தாய் என்று போன் வந்தது. சேலைன் ஏற்றி, களைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். நான் முதல் பாமசிக்காரரிடம் ஓடினேன். அவர் முகம் செத்துப்போனது. "அண்ணே, இவ்வளவு காலமாக் குடுத்துக்கொண்டே இருந்தனீங்கள்? இதைச் சடாரெண்டு நிப்பாட்டினா ஆளே போயிடும். கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கிறது. உடன பிள்ளையிட்டச் சொல்லுங்கோ, டொக்டரிட்டப் போகட்டும்." ஓம் என்றேன். பஸ் ஏறி உன்னைப் பார்க்க வந்தேன். நீ கட்டிலில் இருந்து, "உங்கட தேன் இல்லாததாலதான் சித்தப்பா இப்பிடி," என்று பகிடி விட்டாய். நீ பகிடியாகச் சொன்னது அப்படியே உண்மை. அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டும். தோடம்பழத்தை உரித்துத் தந்துவிட்டு வந்தேன். நீ தப்பினாய். நான் ஒன்றும் செய்யாமலே நீ தப்பினாய். அதற்குப் பிறகு மூன்று வருடம். இந்த மூன்று வருடமும் எனக்குத் தெரியும். இதுதான் நான் சொல்ல வந்தது. முன்னால் எழுதினதெல்லாம் முட்டாள்தனம் என்று நீ மன்னிக்கலாம். இதை அப்படிச் சொல்ல ஏலாது.

அப்படி இருந்தும் ஞாயிற்றுக்கிழமை நீ தேன் கேட்டபோது என்ன செய்தேன் தெரியுமா? திங்கள் காலையில் போய்க் குளிசை வாங்கினேன். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். கலியாணப் பிள்ளை முகம் நன்றாக இருக்கட்டும், ஆறு கிழமை, பிறகு சொல்லலாம், மெல்ல மெல்லக் குறைத்தும் விடலாம், இந்தத் தரம் எனக்கு எல்லாம் தெரியும் என்று மனம் கதை கட்டியது. அப்போது இலங்கைத்துறையிலிருந்து ஒருவர் இஞ்சினைக் கொண்டுவந்து இறக்கினார். "ஓடிக்கொண்டிருந்தது, சும்மா நிண்டுட்டுது அண்ணே. பெற்றோலில பிழையாக்கும்," என்றார். மூடியைக் கழற்றினேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கடலுக்குள் விழுந்து, எடுத்து, துடைத்து, நான்கு நாள் வைத்திருந்துவிட்டு வந்திருக்கிறார். உனக்குத்தான் தெரியுமே, இந்தப் பொய்க்கு நான் எப்படிக் குதிப்பேன் என்று. குதித்தேன். "தண்ணிக்குள்ள விழுந்தா விழுந்ததெண்டு சொல்லுமன்! நீர் பெற்றோல் எண்டு சொன்னால் நான் பெற்றோல் குழாயைத் திறப்பன். அங்க உள்ளுக்க உப்புத் திண்டுகொண்டு கிடக்கும். வெக்கத்துக்கு இஞ்சினைக் கொல்லுவீரா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்கள் ஏசுவீங்கள் எண்டுதான் அண்ணே சொல்லேல்ல," என்றார்.

கதிரையில் இருந்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அவருக்கு என் ஏச்சில் பிழை தெரியவில்லை. எனக்குத்தான் சட்டைப் பை பாரமாக இருந்தது.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "பிள்ளைக்குத் தேன் அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"அண்ணி, அந்தத் தேனுக்குள்ள குளிசை இருந்தது."

"என்ன குளிசை?"

"பாமசிக் குளிசை. இடிச்சுப் போட்டனான்."

அம்மா சிரித்தார். "ஏன், கப்பற் சமையல்காரன் செத்துப் போனானா? புதுக் கதை வேணுமாக்கும் கலியாண வீட்டுக்கு." அவ்வளவு காலமாக அளந்ததன் பலன், உண்மையைச் சொன்னாலும் ஆள் சிரிக்கிறது. நான் பைக்குள் இருந்த குளிசை அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், போர்டிங் வரை. அவர் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"விடிய வெறுவயித்தில என்ர கையால ஊட்டினனான் தம்பி," என்றார். "கசக்குதம்மா, தேன் எப்பிடிக் கசக்கும் எண்டு கேட்டவள். மருந்தெண்டாக் கசக்கும், கதைக்காம விழுங்கு எண்டு நான் சொன்னனான். உங்கட பெருமைக்கு என்ர கையை ஏன் எடுத்தனீங்கள்?"

கதை கட்டாமல் நான் நின்றதை அந்த வீட்டில் அவர் முதன்முதலாக நேற்றுத்தான் பார்த்திருப்பார். "இப்ப போன் எடுத்துப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ," என்றார். போனில் உன் சிரிப்பைக் கேட்டால் என் வாய் தன்பாட்டில் ஓடும், எழுதுகிறேன் என்றேன். "அப்ப எழுதுங்கோ. வியாழனுக்கு முதல் போய்ச் சேரவேணும்," என்றவர் பிறகு என்னோடு கதைக்கவில்லை. இன்று காலை தேத்தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். சீனி இல்லை. குடித்தேன்.

பிள்ளை, வியாழக்கிழமை வெட்டுவதற்கு முன் இதை டொக்டர் அம்மாவிடம் காட்டு. முதல் எடுத்த துண்டின் முடிவை நம்ப வேண்டாம் என்று சொல்லு. முகம் உருண்டது, மயங்கி விழுந்தது எல்லாவற்றையும் சொல்லு. சொண்டுக்குள்ளேயே ஊசி போடலாம் என்றும், குடலைக் கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றும் அவ சொன்னதாகச் சொன்னாய். அதே குளிசைச் சாதி மருந்துதான் ஊசியிலும் போகுமாம் என்று பாமசிக்காரர் சொன்னார். எனக்குத் தெரியாது, அவவுக்குத் தெரியும். ஏற்கெனவே உன் உடம்பு எவ்வளவு குடித்திருக்கிறது என்று தெரிந்து கொண்டு போடட்டும். யார் வீட்டில் இருந்து யார் என்ன கைமருந்து கொண்டுவந்தாலும், அது எவ்வளவு அன்பான கையாக இருந்தாலும், உள்ளே என்ன என்று கேள். கசந்தால் துப்பு. மருமகன் நல்ல பிள்ளை. டொக்டரிடம் உன்னோடு வருவார். வரட்டும், பக்கத்தில் இருக்கட்டும். கேள்வி உன்னிடம் வந்தால் பதில் உன்னிடமிருந்து போகட்டும். முதல் நாளே அப்படிப் பழக்கிவிடு. என் அண்ணா இருந்திருந்தால் உன்னைக் கதைக்க விட்டிருப்பார். அவர் அதிகம் கதைக்காத மனிதர். இது கூட்டினதில்லை.

மருமகன் வீட்டாரிடம் நான் சொல்லி வைத்திருப்பது, சின்ன வயதில் ஒரு தரம் வீங்கி என் மருந்தில் பூரணமாகச் சுகமாகிவிட்டது என்று. பூரணமாக என்ற சொல்லை நான் கையை விரித்துச் சொன்னேன். அது பொய் என்று அவர்களுக்கு நானே போய்ச் சொல்லட்டுமா, நீ சொல்லுகிறாயா என்று நீ முடிவு செய். இது வந்து வந்து போகிற வருத்தம், மணவறையிலும் வீங்கலாம் என்று தெரிந்துகொண்டு அவர்கள் வரட்டும். வீங்கினால் என்ன என்று சொல்ல எனக்கு வாயில்லை. அந்த வாய் உன்னுடையது.

கலியாணத்தில் உன் அப்பாவின் இடத்தில் நின்று உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்க நான் வேட்டி வாங்கி வைத்திருக்கிறேன். அதை நான் செய்ய வேண்டாம், அம்மாவே செய்யட்டும் என்று நீ சொன்னால் நான் சந்தோசமாக முன்வரிசையில் இருப்பேன். சந்தோசமாக என்று எழுதினது கூட்டினது. சந்தோசமாக இருக்காது. ஆனால் இருப்பேன். வரவே வேண்டாம் என்றால் பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு இங்கே இருப்பேன். யார் கேட்டாலும் காரணத்தை நான் செய்தபடியே சொல்லுவேன்.

இப்போது செவ்வாய்க்கிழமை பின்னேரம். தபாலில் போட்டால் வியாழனுக்கு முதல் வராது. ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பப் போகிறேன். எதை எழுதினாலும் அனுப்புவதற்கு முன் இன்னொரு தரம் வாசிப்பது என் வழக்கம். வாசித்தால் இதைத் திருத்துவேன். பாமசிக்காரர் ஐந்து நாள் என்று சொன்னதை வெட்டிவிடுவேன். மூன்று வருடத்தை மூன்று மாதம் ஆக்குவேன். போர்டிங்கில் சொல்ல வாயெடுத்தேன், நீ நித்திரையாகிவிட்டாய் என்று ஒரு வரி சேர்ப்பேன். அந்த வரி இப்போதே வந்து நிற்கிறது, நன்றாகவும் இருக்கிறது. நீ நித்திரை கொள்ளவில்லை. முழித்துக்கொண்டு தோடம்பழம் சாப்பிட்டாய்.

வாசிக்காமல் அனுப்புகிறேன்.

சித்தப்பா